நன்றியும் துண்டும்

பட்டிப்பொலப் புகையிரத நிலையம் கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. இலங்கையின் நிலையங்களுள் இதுவே மிக உயரமானது. ஆயினும் இருப்புப்பாதையின் உச்சி நிலையத்தில் இல்லை. ஒஹியாப் பக்கமாகச் சற்றுத் தூரம் ஏறிச் சென்று, சுரங்க வாயிலருகேதான் பாதை தன் உச்சியைத் தொட்டுக் கீழிறங்கத் தொடங்குகிறது. உல்லாசப் பிரயாணிகள் இதனை அறியார். நிலையத்திலேயே படம் பிடித்துக்கொண்டு போய்விடுகின்றனர்.

மழைக்காலத்து மாலையொன்றில் அந்நிலையத்தின் வாங்கில் நம் பக்கத்தில் ஒரு பெண் அமர்ந்திருந்தாள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் தமிழ் படித்தவள். உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்க அருகில் வழியில்லாமல், தூரத்து நகரப் பாடசாலைக்குச் சென்று, உறவினர் வீட்டுத் திண்ணையில் படுத்து எழுந்து, தாதியர் பயிற்சிக்குத் தெரிவானவள். இப்போது ஓர் அரசாங்க வைத்தியசாலையின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் தாதி உத்தியோகத்தர். நோயாளிகள் அவளை ‘மிஸ்ஸி’ என்று அழைக்கின்றனர். அவளுடைய தாயாரை முப்பது ஆண்டுகளாக எவரும் ‘ஏ பொம்புளை’ என்பதற்கு மேல் அழைத்ததில்லை.

அவள் மடியில் இரண்டு கடித உறைகள் இருந்தன. ஒன்று பொதுச் சுகாதாரத் தாதியத்தில் மேற்பயிற்சி பெறுவதற்கான விண்ணப்பம். தேறினால் களுத்துறைத் தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகத்தில் படிக்கலாம். பின்னர் ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அமர்ந்து, மருத்துவமாதர்களை மேற்பார்வை செய்து, தாய்மாரையும் சிசுக்களையும் கவனிக்கும் பணி. மற்றைய உறை இங்கிலாந்துக்கானது. அதிதீவிர சிகிச்சையில் அனுபவமுள்ளவர்களை அங்குள்ள வைத்தியசாலைகள் தேடியழைக்கின்றன.

“சேர், ரெண்டையும் நல்லா யோசிச்சுப் பார்த்துட்டேன். ரெண்டுலயும் பிழை சொல்ல ஒண்ணுமில்ல. அதுதான் கஷ்டமா இருக்கு. நீங்க ஒரு வழி சொல்லுங்க” என்றாள்.

வண்டி தாமதம் என்று அறிவித்தார்கள். நமக்கு அது நிம்மதியாயிருந்தது. ஏனெனில் உடனே சொல்வதற்குரிய விடை நம்மிடம் இருக்கவில்லை. இருந்தது போலத் தோன்றியதையும் நாம் நம்பவில்லை.

தோன்றிய விடை எது? முற்போக்குச் சிந்தனை உடையோர் எவருக்கும் முதலில் தோன்றுவதுதான். “நீ லயத்திலிருந்து வந்தவள். உன் மக்கள் அங்கே கிடக்கிறார்கள். அவர்களிடம் திரும்பிப் போ. அது உன் கடமை.” மேடையில் இதைச் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். இது வெறும் உணர்ச்சிப் பேச்சுமன்று. அதன் பின்னே மறுக்கவியலாத உண்மைகள் உள்ளன. 2016ஆம் ஆண்டுக் குடிசன, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியோர் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர். தோட்டப்புறத்திலோ ஏறத்தாழ 32 பேர். ஒரே நாடு, ஒரே மழை. இருமடங்கு குன்றிய உடல்கள். தாய் விடியுமுன் பெரட்டுக்குப் போகிறாள். பிள்ளை பிள்ளைக்காம்பிராவில் கிடக்கிறது. நிறை குறைந்தால் அரைப்பேர், அரைப்பேரானால் அரைக்கூலி. இந்த நிலையில் தாய்மாரின் மொழியைப் பேசும், லயத்தின் வாசனைக்கு மூக்கைச் சுளிக்காத ஒரு தாதி எவ்வளவு பெரிய பலம்! சிங்களம் தெரியாத கர்ப்பிணி, தமிழ் தெரியாத உத்தியோகத்தர்முன் வயிற்றைத் தொட்டுக் காட்டிச் சைகையால் வலியைச் சொல்லும் காட்சியைக் கண்டவர்கள், மொழியுரிமை என்பது கந்தோர்ப் பலகைகளின் விஷயம் மட்டுமன்று என்பதை அறிவர்.

எனினும் ‘கடமை’ என்ற சொல்லை நாக்கில் வைத்துச் சுவைத்துப் பார்த்தபோது ஒரு கசப்புத் தட்டியது. கடன் என்றால், யாருக்குப் பட்ட கடன்? எவ்வளவு? கேட்க உரியவர் யார்?

பிளேட்டோ தம் ‘குடியரசு’ நூலின் ஏழாம் பகுதியில் இக்கேள்வியை நேராகவே எடுத்துக்கொண்டார். இருண்ட குகையிலிருந்து வெளியேறிச் சூரியனைக் கண்டவன், மீண்டும் குகைக்குள் இறங்கி அங்குள்ளோருக்குப் பணி செய்யவேண்டும் என்கிறார். அவனை இப்படி வற்புறுத்துவது அநீதியல்லவா என்ற ஆட்சேபத்துக்கு அவர் தரும் விடை கூர்மையானது. வேறு நகரங்களில் தாமாகவே முளைத்து வளர்ந்த ஞானிகள் எவருக்கும் கடன்பட்டவர் அல்லர். ஆனால் உன்னை இந்நகரம் ஊட்டி வளர்த்தது, ஆகவே நீ இறங்கத்தான் வேண்டும் என்பது அவர் வாதம்.

இந்த அளவுகோலை நம் மாணவிமேல் வைத்துப் பாருங்கள். நகரம் அவளுக்கு எதை ஊட்டியது? அவளுடைய பூட்டியின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் பறித்தது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1964இல் இரு பிரதமர்கள் கையொப்பமிட்டு 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று மூட்டை பிரிப்பது போல் மக்களைப் பிரித்தனர். எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தனர். எல்லாவற்றுக்கும் முடிவாக நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல். 1940களின் இலவசக் கல்வி தோட்டப் பாடசாலை வாசலுக்கு வெளியே நின்றது. அப்பாடசாலைகளை அரசாங்கம் கையேற்கத் தொடங்கியதே 1970களில்தான். ஆக, பிளேட்டோவின் கணக்குப்படியே பார்த்தால் இவள் ஊட்டி வளர்க்கப்பட்டவள் அல்லள். பாறை இடுக்கில் தானாக முளைத்தவள். பயிற்சிக் காலத்தில் அரசாங்கம் தந்த படிப்பும் படியும் உண்மைதான். அதற்குரிய பிணை ஒப்பந்தமும் சேவைக்காலமும் சட்டத்தின் காரியம். அதனை அவள் நிறைவேற்றுவாள். நாம் பேசுவது அதற்கு அப்பாற்பட்ட கடனை.

அப்பாற்பட்ட கடன் ஒன்று உண்டென்றால் அது தாயாருக்குரியது. கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியில் பதித்த தழும்புதான் இப்பெண்ணின் கல்விச் செலவுக்கான பற்றுச்சீட்டு. அந்தக் கடன்காரி என்ன சொல்கிறாள்? அதற்கு முந்திய வாரம் அவர் நம் வீட்டுக்கு வந்திருந்தார். கோடியில் நின்று, கதிரையில் உட்கார மறுத்து, சொன்னார்: “வாத்தியாரய்யா, நீங்க சொன்னா அவ கேப்பா. திரும்ப இந்த லயத்துப் பக்கம் வரவேணாம்னு சொல்லுங்க. நான் இவ்வளவு நாள் மல ஏறுனது அவ எறங்கிப் போகத்தான்.”

இங்கே நம் முற்போக்கு இலக்கணம் தடுமாறுகிறது. கடன் கொடுத்தவளே பத்திரத்தைக் கிழித்துப் போட்டபின், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நாம் யார் வட்டி கேட்பதற்கு?

தோட்ட வரலாற்றில் ‘துண்டு’ என்றொரு பொருள் இருந்தது. ஒரு தோட்டத்துத் துரை எழுதித் தரும் கடதாசி அது. இந்தக் கங்காணியும் அவன் ஆட்களும் இவ்வளவு ரூபாய் கடன். அதைத் தீர்ப்பவர் இவர்களை அழைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். புதிய துரை பழைய கடனைக் கட்டுவார். ஆட்கள் மலை மாறுவர். கடன் அவர்களுடனே மாறிச் செல்லும். தாம் வாங்காத கடனையும் சுமந்தவர்கள் அதில் உண்டு. 1921ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை ஒழித்தது. கடதாசி ஒழிந்தது. ஆனால் படித்து மேலே வந்த ஒவ்வொரு தோட்டத்துப் பிள்ளையின் சட்டைப்பையிலும் ‘சமூக நன்றி’ என்ற பெயரில் புதிய துண்டொன்றை நாம் எழுதி வைக்கிறோமோ என்ற ஐயம் நமக்கு நெடுநாளாக உண்டு. கொழும்பில் பெரிய வைத்தியரின் மகன் வைத்தியனாகி அவுஸ்திரேலியா சென்றால், அது அவனது முன்னேற்றம். லயத்துப் பெண் தாதியாகி இங்கிலாந்து சென்றால், அது மக்களைக் கைவிட்டதாகிறது. இலட்சியம் என்பது ஏழைகளிடம் மட்டும் வசூலிக்கப்படும் வரியா?

இதற்கு நேரெதிரான விடையும் உண்டு. பிரெஞ்சு நாட்டுச் சிந்தனையாளர் சார்த்தர் 1945இல் ஆற்றிய உரையில் ஒரு மாணவனைப் பற்றிச் சொல்கிறார். போரில் ஒரு மகனை இழந்த தாய்க்குத் துணையாக இருப்பதா, அவளை விட்டு விடுதலைப் படையில் சேர்வதா என்று கேட்டு வந்தவன் அவன். எந்த நூலும் எந்த நீதியும் அவனுக்கு விடை சொல்ல முடியாது, நீ சுதந்திரமானவன், நீயே தெரிந்துகொள் என்பதே சார்த்தர் தந்த பதில். அழகான பதில்தான். ஆனால் பட்டிப்பொல நிலையத்தின் குளிரில் அதைச் சொல்லியிருந்தால், பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு எழுந்து போனதாகத்தான் ஆகியிருக்கும். அன்றியும், தெரிவு செய்பவர் சுதந்திரமானவர் என்றே வைத்துக்கொண்டாலும், தெரிவுக்கு வந்து நிற்கும் பாதைகளை வெட்டியவர் யார் என்ற கேள்வி அதில் எழுவதில்லை.

அவள் ஏன் இங்கிலாந்தை நினைக்கிறாள்? பணத்துக்காக என்று எளிதாகச் சொல்லிவிடலாம். 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப்பின் அதைக் குற்றமென்று சொல்பவர் கூப்பன் வரிசையில் நின்றிராதவர். ஆனால் அவள் சொன்ன காரணம் வேறு. “சேர், அங்க தாதிமாரே சோதிச்சு, மருந்தெழுதி, முடிவெடுக்கிற நெலைக்குப் போகலாம். இங்க எனக்குத் தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி நிக்கணும்.” ஓரிரவு, நோயாளி ஒருவரின் நிலை சரிவதை இயந்திரத்துக்கு முன்பே அவள் கண்டுகொண்டாளாம். செய்யவேண்டியது என்னவென்றும் தெரிந்ததாம். உத்தரவுக்காகக் காத்திருந்த நிமிடங்களை அவள் விரல்விட்டு எண்ணிக் காட்டினாள். நோயாளி பிழைத்துக்கொண்டார். அந்த நிமிடங்கள்தாம் இன்னும் அவளை விட்டுப் போகவில்லை.

மேல்நிலைத் தாதியம் என்று உலகம் இன்று வழங்குவதன் உட்பொருள் இதுதான். இங்கிலாந்தில் உரிய தகுதி பெற்ற தாதியர், தம் தேர்ச்சிக்குட்பட்ட மருந்துகளைத் தாமே எழுதிக்கொடுக்கும் உரிமையை 2006இல் விரிவாகப் பெற்றனர். நோய் கண்டு சிகிச்சையளிக்கும் தாதியர், ஒரு துறையில் ஆழ்ந்த தேர்ச்சி பெற்ற தாதியர் என இருவகையினரைச் சர்வதேசத் தாதியர் பேரவை 2020இல் வெளியிட்ட வழிகாட்டி விளக்குகிறது. நம் நாட்டில் பட்டப்படிப்பு வந்துவிட்டது. திறந்த பல்கலைக்கழகம் 1994இலேயே தாதியத்தில் பட்டக் கல்வியைத் தொடங்கியது. அறிவு ஏறிற்று, அதிகாரம் ஏறவில்லை.

வேடிக்கை என்னவெனில், இந்த மேல்நிலைப் பாதை நகரத்துப் பளிங்கு வைத்தியசாலைகளில் மட்டும் பிறந்ததன்று. அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பகுதியில், பாதையற்ற குக்கிராமங்களுக்குக் குதிரையேறிச் சென்று பிரசவம் பார்க்கும் தாதியர் சேவையை மேரி பிரெக்கின்ரிட்ஜ் 1925இல் தொடங்கினார். அந்நாட்டுத் தாதிய மருத்துவமாதர் பரம்பரையின் வேர்களுள் ஒன்று அங்கேயுள்ளது. 1965இல் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டு, மருத்துவர் ஹென்றி சில்வருடன் சேர்ந்து முதலாவது பயிற்சித் திட்டத்தை வகுத்தபோது, அவர் முன்னே நின்றவர்களும் மருத்துவர் எட்டிப்பாராத ஊர்களின் குழந்தைகளே. மலையும் மழையும் வறுமையும் உள்ள இடத்தில்தான், தாதி தானே முடிவெடுக்கவேண்டும் என்ற தேவை முதலில் எழுந்தது.

நம்முடைய கதையும் அவ்வாறு தொடங்கியதுதான். ஆசியாவுக்கே முன்மாதிரியென்று சொல்லப்படும் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926இல் களுத்துறையில் அமைந்தது. 1930களில் இந்நாட்டில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்த ஆண்டுகள் இருந்தன. 2019இல் அத்தொகை நாற்பதுக்கும் கீழே. இந்த மகத்தான இறக்கத்தைச் சாதித்தவர்களுள் முதல்வரிசையில் நிற்பவர், குடையும் பையுமாக வீடு வீடாக நடந்த மருத்துவமாதர். தோட்டங்களோ நெடுங்காலம் இந்த வட்டத்துக்கு வெளியே இருந்தன. மருத்துவத் தேவைகள் பற்றிய 1912ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளியின் உடல்நலத்தைத் தோட்டத்துரையின் பொறுப்பில் விட்டது. டிஸ்பென்சரியில் இருந்த ஐயா சம்பளம் வாங்கியதும் துரையிடமே. காய்ச்சல் என்று நின்ற ஆளை அவர் முதலில் நோயாளியாகப் பார்த்தாரா, வேலைக்கு வராத பேராகப் பார்த்தாரா என்பதை முதியவர்களைக் கேட்டறிக. கொழுந்து லொறியில் பிரசவம் நடந்த கதைகளையும் அவர்களே சொல்வார்கள்.

இந்த நினைவினால்தான் ஒரு நண்பர் நம்மிடம் வாதாடினார். தாதிக்கு மருத்துவரின் அதிகாரத்தைக் கொடுத்துத் தோட்டத்துக்கு அனுப்புவது, பணக்காரனுக்கு டாக்டர், கூலிக்கு நர்ஸ் என்று இரண்டு தரம் வகுப்பதாகாதா என்றார். அவர் கேட்டது நியாயம். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ போல், வீட்டு வாசலுக்கே நீரிழிவு மருந்தும் இரத்த அழுத்தச் சோதனையும் போகும் ஏற்பாடு மருத்துவரை மேலே வைத்துக்கொண்டு நடந்தால் அது வளர்ச்சி. மருத்துவரை வெட்டிவிட்டு, செலவைக் குறைக்க நடந்தால் அது பழைய டிஸ்பென்சரியின் புதிய பெயர். வேறுபாட்டை அறிய ஒரு சோதனை போதும் என்று நண்பருக்குச் சொன்னோம். அந்தத் தாதிக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? அவளுடைய குறிப்பை மதித்து மேல் வைத்தியசாலை கதவைத் திறக்கிறதா? நண்பர் முழுதும் இணங்கவில்லை, தேநீர் ஆறிப்போயிற்று.

ஆகவே அவளிடம் நாம் சொன்னது இதுதான். பொதுச் சுகாதாரத் தாதியமே உயர்ந்த வேலை என்பது நம் தீர்ப்பு. அது தியாகம் என்பதற்காகவன்று, வேலை என்ற அளவிலேயே. அதிதீவிரப் பிரிவில் நீ ஓர் உயிரை மீட்கும் வேளையில், கீழே பத்துப் பேர் அந்தக் கட்டிலை நோக்கி நடந்துகொண்டிருக்கிறார்கள். அந்த நடையைத் தடுக்கும் இடம் இது. தமிழாசிரியர் குறளை இழுக்காமல் விடமாட்டார் என்று வாசகர் முணுமுணுக்கலாம், பொறுத்தருள்க. வள்ளுவர் செய்ந்நன்றியறிதலைப் பதினோராம் அதிகாரத்தில் வைத்தார். ஒப்புரவறிதலை இருபத்திரண்டாம் அதிகாரத்தில் தனியே வைத்தார். நன்றிக்கு முன்னே ஒரு கொடுத்தவர் வேண்டும். ஒப்புரவுக்கு அது வேண்டியதில்லை. எவரிடமும் எதையும் பெறாதவனும் ஊரோடு ஒத்து வாழ்வதனால் செய்வது அது. நீ போவதாயின் அந்த வழியாகப் போ. கடன்காரியாகப் போகாதே என்றோம்.

அவள் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு மெல்லச் சொன்னாள்: “சேர், இந்தப் படிப்பை முடிச்சாலும் என்னை இங்க போடுவாங்கன்னு யார் சொன்னது? நியமனம் அமைச்சுல. எந்த மாவட்டமோ. மருத்துவமாது ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுக்கிட்டு ஏதோ ஒரு கந்தோர்ல இருப்பேன். லயத்துக்குத் திரும்பிப் போன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா லயத்துல எனக்கு நாற்காலி போட்டு வைக்கலியே.”

நம் வாதம் முழுவதிலும் விடுபட்டிருந்த இடத்தில் அவள் விரல் வைத்துவிட்டாள். திரும்பி வா என்கிறோம். வந்து நிற்க ஒரு பதவி, அதற்கு ஓர் அதிகாரம், அதற்கு ஏற்ற சம்பளம், தோட்ட மக்கள் தொகைக்கு ஏற்றபடி தமிழறிந்த உத்தியோகத்தர் என்று ஓர் ஒழுங்கு, இவற்றுள் எதையும் கேட்டு நாம் ஒரு மகஜர்கூட எழுதவில்லை. மக்களுக்கு எவ்வளவு அருகில் வேலையோ, அவ்வளவுக்கு ஏணி குட்டை. மக்களிலிருந்து எவ்வளவு தொலைவோ, அவ்வளவுக்குப் படிகள் அதிகம். இந்த ஏணியை அப்படியே விட்டுவிட்டு, அதன் அடியில் நிற்கும் இருபத்தெட்டு வயதுப் பெண்ணிடம் ஒழுக்கம் போதிப்பது எளிது. உலக சுகாதார நிறுவனம் 2010இல் வகுத்த ஆட்சேர்ப்பு நெறிமுறைகூடப் பொறுப்பை அரசுகளின்மேல் வைக்கிறது. தனி உத்தியோகத்தர் புலம்பெயரும் உரிமையை அது பறிக்கவில்லை. அந்நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு அறிக்கைப்படி, உலகத் தாதியருள் எண்மரில் ஒருவர் தாம் பிறந்த அல்லது பயின்ற நாட்டுக்கு வெளியே பணிபுரிகிறார். இத்தனை பேரும் மனச்சாட்சி அற்றவர்களா?

தூரத்தில் வண்டியின் ஊதல் கேட்டது. எழுந்தவள் திடீரென்று கேட்டாள்: “நீங்க இங்கேயே இருப்பீங்களா சேர்?”

நம் மேசை இழுப்பறையில் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடிந்துவிட்டதால் நகரப் பாடசாலையொன்றுக்கு இடமாற்றம் கோரி எழுதியது. பிள்ளையின் படிப்பு, மனைவியின் மூட்டுவலி, இந்தக் குளிர் என மூன்று காரணங்கள் அதில் உண்டு, மூன்றும் உண்மை. அதை அவளிடம் சொன்னோம். அவள் வியப்படையவில்லை. “போடுங்க சேர்” என்று மட்டும் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் குற்றச்சாட்டு இருந்திருந்தால் நமக்கு இலகுவாயிருந்திருக்கும்.

இரண்டு விண்ணப்பங்களுக்கும் நற்சான்றுக் கடிதம் வேண்டுமென்று கேட்டிருந்தாள். அன்றிரவே இரண்டையும் எழுதினோம். ஒன்றைத் தமிழில், ஒன்றை நமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். இரண்டிலும் ஒரே வாசகங்களையே வைத்தோம். ஒன்றுக்கு அழுத்தம் கூட்டி மற்றதற்குக் குறைக்கவில்லை. ஆங்கிலக் கடிதத்தில் பிறந்த இடம் என்ற பகுதியில் தோட்டத்தின் பெயரை எழுதிவிட்டு, டிவிசனின் பெயரையும், லயத்தின் இலக்கத்தையும் சேர்த்தெழுதினோம். இங்கிலாந்திலுள்ள எவருக்கும் அது விளங்கப் போவதில்லை. காலையில் பால் லொறிக்காரர் அம்பேவலைப் பக்கம் போகையில் இரண்டையும் அவரிடமே கொடுத்துத் தபாலில் சேர்க்கச் சொன்னோம்.